நாவலர் டெமாஸ்தனிஸ்

பள்ளியில் பேச்சுப் போட்டி நெருங்கும்போது, மேடையேற அஞ்சும் மாணவனை அருகழைத்து ஆசிரியர் கூறும் கதை ஒன்று உண்டு. கிரேக்க நாட்டில் நாத் திருந்தாத ஓர் இளைஞன் இருந்தான்; வாயில் கூழாங்கற்களை அடக்கிக்கொண்டு பேசிப் பழகினான்; கடலலையின் ஓசையை எதிர்த்து உரத்துப் பேசினான்; முடிவில் உலகம் போற்றும் நாவலனானான் என்பது அக்கதை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நமக்கும் அது சொல்லப்பட்டது. நாமும் முப்பதாண்டுகளுக்கு மேலாக அதனை மாணவர்க்குச் சொல்லிவந்தோம். ஓய்வு பெற்ற பின்னர், அவருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாகப் படிக்க வாய்த்தபோதுதான், நாம் சொல்லிவந்தது முதற் பக்கம் மட்டுமே என்பது விளங்கிற்று. கூழாங்கற்களை உமிழ்ந்த பின்னர் அவர் என்ன பேசினார், அப்பேச்சைக் கேட்டவர்கள் என்ன ஆயினர் என்பதை நாம் எந்த மாணவனுக்கும் சொன்னதில்லை. விட்டுப்போன பக்கங்களை இங்கே எழுத முற்படுகின்றோம்.

டெமாஸ்தனிஸ் கி.மு. 384-ஆம் ஆண்டில் ஏதென்சு நகரைச் சார்ந்த செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையின் பெயரும் டெமாஸ்தனிஸ் என்பதே. தந்தைக்கு இரு தொழிற்கூடங்கள் இருந்தன. ஒன்றில் முப்பதுக்கு மேற்பட்ட அடிமைகள் வாளும் கத்தியும் செய்தனர்; மற்றொன்றில் இருபது அடிமைகள் கட்டில்கள் செய்தனர். மகனுக்கு ஏழு வயதும் மகளுக்கு ஐந்து வயதும் ஆனபோது தந்தை நோயுற்று இறந்தார். விட்டுச் சென்ற சொத்து ஏறத்தாழ 14 தாலந்து. அதனைக் காப்பதற்கு மூவரை நியமித்திருந்தார். அவர்களுள் அபோபஸ், டெமோபன் ஆகிய இருவரும் உடன்பிறந்தாரின் மக்கள். தெரிப்பிடிஸ் என்பவர் நெடுநாளைய நண்பர். அபோபஸ் 80 மினா சீதனத்துடன் தம் மனைவியை மணக்க வேண்டும் என்றும், டெமோபன் இரண்டு தாலந்து சீதனத்துடன் தம் மகளை அவள் வயது வந்தபின் மணக்க வேண்டும் என்றும் இறப்பவர் எழுதிவைத்தார். அவர்கள் சீதனத்தைக் கைக்கொண்டனர், மணம் செய்துகொள்ளவில்லை. பத்தாண்டுகள் கழித்து டெமாஸ்தனிஸ் வயது வந்து கணக்குக் கேட்டபோது, ஒரு வீடும், பதினான்கு அடிமைகளும், சிறிது வெள்ளியுமாக 70 மினா பெறுமானமுள்ள பொருளே அவர் கையில் வைக்கப்பட்டது. ஒரு தாலந்து என்பது 60 மினா. பதினான்கு, ஒன்றேகால் கூட ஆகாமல் தேய்ந்துவிட்டது.

அவர் நாவன்மையை நாடியதற்குக் காரணம் இதுவே. புகழுக்கோ பதவிக்கோ அன்று. பறிபோன பொருளை மீட்பதற்கு.

ஏதென்சின் நீதிமன்றத்தைப் பற்றிச் சிறிது சொன்னாலன்றி இது விளங்காது. அங்கே வழக்கறிஞர் இல்லை. சட்டம் கற்ற நீதிபதியும் இல்லை. வழக்காடுவோர் தாமே எழுந்து பேச வேண்டும். முப்பது வயது கடந்த குடிமக்களுள் குலுக்கி எடுக்கப்பட்ட இருநூறு, ஐந்நூறு, சிலபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நடுவராய் அமர்ந்து கேட்பர். பேசும் நேரத்தைத் தண்ணீர்க் கடிகாரம் அளக்கும். பேச்சு முடிந்ததும் நடுவர்கள் தம்முள் கலந்து பேசுவதில்லை. நேரே சென்று வெண்கல வில்லையைக் கலத்தில் இடுவர். அச்சு துளையாயிருந்தால் குற்றஞ்சாட்டியவர்க்கு, துளையின்றி இருந்தால் எதிரிக்கு. நடுவர்களின் உள்ளம் இளகுமாறு, அழுகின்ற பிள்ளைகளை அழைத்து வந்து முன்னிறுத்துவது அங்கே வழக்கமாயிருந்தது. கேட்டோர் நெஞ்சில் எழுந்த சூடு தணியுமுன் தீர்ப்பு ஆகிவிடும். அரசியலும் அவ்வாறே. பினிக்ஸ் என்னும் குன்றில் ஆண்டுக்கு ஏறத்தாழ நாற்பது முறை குடிமக்கள் கூடினர். போரா, உடன்படிக்கையா, வரியா என்பதைக் கையுயர்த்தியே முடிவு செய்தனர். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே இடமில்லை. கட்டில் செய்தவனும் வாள் செய்தவனும் தம் எசமானரின் சொற்பொழிவைக் கேட்டதில்லை என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இளைஞர் டெமாஸ்தனிஸ், சொத்துரிமை வழக்குகளில் வல்லவரான ஈசேயஸ் என்பாரிடம் பயின்றார். கி.மு. 364-இல், இருபது வயதில், அபோபஸின் மீது வழக்குத் தொடுத்தார். அப்பேச்சுகள் இன்றும் கிடைக்கின்றன. முதற்பேச்சின் பெரும்பகுதி வெறுங்கணக்கு. எத்தனை அடிமைகள், எவ்வளவு தந்தம், எவ்வளவு இரும்பு, எவ்வளவு வட்டி என்று வீட்டுக் கணக்கேட்டைப் பிரித்து வைத்தது போல இருக்கும். கண்ணீர் இல்லை, வசை குறைவு. முடிவில்தான், தம் மகன் உரிமையைப் பெற்றுத் தங்கைக்கு மணம் முடிப்பான் என்று வீட்டில் காத்திருக்கும் தாயை நடுவர்களின் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகின்றார். கணக்கு மனத்தில் ஊன்றிய பின்னர் வரும் அந்த ஒரு காட்சி, தொடக்கத்திலேயே வந்திருந்தால் இவ்வளவு வேலை செய்திராது. நடுவர்கள் 10 தாலந்து தருமாறு தீர்ப்பளித்தனர். ஆனால் அபோபஸ் தன் நிலத்தை மைத்துனன் ஒனீட்டர் பெயரில் மறைத்துவிட்டான். தீர்ப்பு கிடைத்தது, பொருளில் சிறு பகுதியே கிடைத்தது. நம் ஊர்களிலும் பங்காளி வழக்கு பார்த்தவர்களுக்கு இது புதிதாயிராது.

இவ்வெற்றியால் ஊக்கமுற்று மக்கள் மன்றத்தில் பேச எழுந்தவரை மக்கள் சிரித்து அமர்த்தினர். குரல் மெல்லியது, மூச்சு இடையில் அறும், சில எழுத்துகள் நாவில் திருந்தா, வாக்கியங்களோ சுற்றிச் சுற்றி நீண்டன. தலைகுனிந்து துறைமுகப் பக்கம் திரிந்தவரை யூனோமஸ் என்னும் முதியவர் தேற்றினார். சாட்டிரஸ் என்னும் நடிகர் செய்ததோ தேற்றுதலினும் பெரியது. ஒரு நாடகப் பகுதியை டெமாஸ்தனிஸைச் சொல்லச் செய்தார். பின்னர் அதே பகுதியைத் தாம் அதற்குரிய மெய்ப்பாட்டுடன் சொல்லிக் காட்டினார். அதே சொற்கள் வேறு சொற்களாய் ஒலித்தன. அந்த ஒரு பாடத்தில் கேடு எங்கே என்பதை டெமாஸ்தனிஸ் கண்டுகொண்டார். நல்லாசிரியர் பிழையைச் சுட்டுவதில்லை. சரியானதைச் செய்துகாட்டி விலகிவிடுவார். இதனைப் பயிற்சிப் பள்ளியில் ஓராண்டு முழுவதும் நமக்குச் சொன்னார்கள். சாட்டிரஸ் ஒரு மாலையில் செய்தார்.

அதன் பின்னரே கூழாங்கல். நிலத்தடியில் ஓர் அறை அமைத்து, நாள்தோறும் அங்கே குரலையும் மெய்ப்பாட்டையும் பழகினார். வெளியே செல்ல நாணம் தடையாகும் பொருட்டுத் தலையில் ஒரு பாதியை மழித்துக்கொண்டு இரண்டு மூன்று மாதங்கள் உள்ளேயே இருந்ததும் உண்டு என்பர். மேட்டில் ஏறி ஓடிக்கொண்டே மூச்சுவிடாமல் சொல்லிப் பழகினார். ஆளுயரக் கண்ணாடியின் முன் நின்று பேசிப் பார்த்தார். கூழாங்கல் முதலிய செய்திகளை முதுமையில் அவரே பலேரம் ஊர் டெமெட்ரியஸ் என்பாரிடம் கூறியதாகப் புளூட்டார்க் எழுதியுள்ளார். ஆகவே வெறுங்கட்டுக்கதை என்று தள்ளுவதற்கில்லை. நாவன்மைக்கு முதன்மையானது எது என்று கேட்டவரிடம், பேசும் முறையே முதலாவதும் இரண்டாவதும் மூன்றாவதும் என்று அவர் விடையிறுத்தாராம்.

மற்றொரு நிகழ்ச்சி நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ஒருவர் வந்து, தாம் அடிபட்டதாகவும் தமக்காகப் பேச வேண்டும் என்றும் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். சொல்வது போன்ற துன்பம் ஏதும் அவர்க்கு நேரவில்லை என்று டெமாஸ்தனிஸ் கூறிவிட்டார். வந்தவர் வெகுண்டு, தாம் பட்டதையெல்லாம் இல்லையென்று சொல்வதா என்று கூவினார். இப்போதுதான் அடிபட்டவரின் குரல் கேட்கிறது என்றார் டெமாஸ்தனிஸ். கேட்போர் சொல்லை மட்டும் நம்புவதில்லை, குரலையும் முகத்தையும் கொண்டே மெய்யைத் தேர்கின்றனர் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால் மெய்யாகவே அடிபட்டு, இயல்பாகவே மெல்லப் பேசுகின்றவன் கதி என்ன? கூவத் தெரிந்த பொய்யன் வந்தால் என்ன செய்வது? இவ்வினாக்களை அவர் எழுப்பியதாகத் தெரியவில்லை.

பொருளிழந்த குடும்பத்தைத் தாங்கப் பிறர்க்கு வழக்குரை எழுதிக் கொடுக்கும் தொழிலை மேற்கொண்டார். வழக்காடுபவன் வணிகனாயின் வணிகன் போலவும், உழவனாயின் உழவன் போலவும் பேச எழுதித்தர வேண்டும். இதில் அவர் வல்லவர். அடிமையாயிருந்து வட்டிக்கடை உரிமையாளராய் உயர்ந்த போர்மியோ என்பவருக்காக, அப்பல்லோடோரஸ் என்பவரை எதிர்த்து ஓர் உரை எழுதினார். பின்னர் அதே அப்பல்லோடோரஸுக்காக, போர்மியோவின் சாட்சியை எதிர்த்தும் எழுதிக் கொடுத்தார். ஒரே பட்டறையில் செய்த கத்தியைச் சண்டையிடும் இருவருக்கும் விற்றதைப் போன்றது இது என்கிறார் புளூட்டார்க். தந்தையின் தொழிலை நினைத்துப் பார்த்தால் உவமை கூர்மையாகவே பாய்கின்றது.

ஆயினும் இதனைப் படித்தபோது அவரைக் குறைகூற நமக்கு வாய் எழவில்லை. ஒரு மாணவிக்கு நாம் பட்டிமன்ற உரை எழுதிக் கொடுத்தோம். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்தி அவையை நோக்க வேண்டும், எந்தச் சொல்லில் தொண்டை அடைக்க வேண்டும் என்றெல்லாம் கற்பித்தோம். அவள் முதற்பரிசு பெற்றாள். மறு ஆண்டு அதே தலைப்பில் எதிரணி கிடைத்தது, அதற்கும் நாமே எழுதிக் கொடுத்தோம், அதே இடத்தில் தொண்டை அடைத்தது, அப்போதும் பரிசு. திரும்பி வரும் வழியில், இரண்டில் எதை நாம் நம்புகிறோம் என்று அவள் கேட்டாள். பேருந்து வந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தோம். இன்று அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவ்வினா மட்டும் நம்மிடமே இருக்கின்றது.

டெமாஸ்தனிஸின் பெருவாழ்வு மாசிடோனிய மன்னன் பிலிப்பை எதிர்த்து நின்றதில் அடங்கியுள்ளது. கி.மு. 359-இல் ஆட்சிக்கு வந்த பிலிப், படையையும் பொன்னையும் உடன்படிக்கைகளையும் கொண்டு கிரேக்க நகரங்களை ஒவ்வொன்றாக வளைத்துவந்தான். ஏதென்சு மக்களோ விழாவும் நாடகமுமாய் இருந்தனர். போருக்குக் கூலிப்படை போதும், தாம் போக வேண்டியதில்லை என்பது அவர்களின் எண்ணம். கி.மு. 351-இல் பிலிப்பைக் குறித்த முதற் பேருரையை டெமாஸ்தனிஸ் நிகழ்த்தினார். மக்களைப் புகழ்ந்து மயக்குவது எல்லோரும் செய்வது; இவர் அவர்களை இடித்துரைத்தார். நிலைமை இவ்வளவு கெட்டிருப்பதே நம்பிக்கைக்கு இடமளிக்கிறது என்று வியப்பாகத் தொடங்கினார். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தும் இக்கதி நேர்ந்திருந்தால் இனி வழியில்லை. எதையுமே செய்யாமலிருந்ததால் வந்த கேடு, செய்யத் தொடங்கினால் தீரும் என்பது அவர் காட்டிய கணக்கு. பயிற்சியில்லாத குத்துச்சண்டைக்காரன் அடி விழுந்த இடத்தையே தடவிக்கொண்டிருப்பான். அடுத்த அடியைத் தடுக்கக் கையைத் தூக்கத் தெரியாது. ஏதென்சு நடத்தும் போரும் அப்படித்தான் என்று எள்ளினார். கேட்டவர்க்கு நாணம் வந்தது. நாணத்தின் வழியே சினம் வந்தது. ஆனால் கையை உயர்த்தும் அளவுக்கு அன்று வரவில்லை.

பத்தாண்டுக்கு மேல் இவ்வாறே கழிந்தது. ஒலிந்தஸ் நகருக்கு உதவுமாறு மூன்று உரைகள் நிகழ்த்தினார். உதவி காலம் தாழ்ந்து சென்றது, கி.மு. 348-இல் பிலிப் அந்நகரை இடித்துத் தரைமட்டமாக்கினான். கி.மு. 346-இல் அமைதி உடன்படிக்கை செய்யச் சென்ற தூதுக்குழுவில் அவரும் இருந்தார். பிலிப்பின் முன் பேசும் முறை வந்தபோது அவர் நாக் குழறி, சொல் மறந்து நின்றுவிட்டார் என்று உடன்சென்ற ஈஸ்கினிஸ் எழுதி வைத்திருக்கின்றார். பகைவர் எழுதியது என்றாலும் நம்பத்தக்கதே. டெமாஸ்தனிஸ் முன்கூட்டி எழுதிப் பழகாமல் பேச விரும்பாதவர். அவர் வாதங்களில் விளக்கெண்ணெய் நாற்றம் வீசுகிறது என்று பித்தியஸ் என்பவர் கேலி செய்ததுண்டு.

கி.மு. 339-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்து மாலைப்பொழுதில், பிலிப் எலாட்டியாவைக் கைப்பற்றிவிட்டான் என்னும் செய்தி ஏதென்சை எட்டியது. எலாட்டியாவிலிருந்து ஏதென்சுக்கு மூன்று நான்கு நாள் வழிநடையே. இடையில் இருந்தது தீப்ஸ். அதுவும் ஏதென்சின் பழம்பகை. உணவருந்திக்கொண்டிருந்த ஆட்சிக்குழுவினர் பாதியில் எழுந்தனர். கடைவீதிச் சாவடிகளிலிருந்து மக்களை அகற்றினர். ஊர் முழுவதும் கலக்கம். மறுநாள் விடியலில் மக்கள் குன்றின்மீது நிறைந்துவிட்டனர். பேச விரும்புவோர் யார் என்று கட்டியக்காரன் கேட்டான். ஒருவரும் எழவில்லை. மீண்டும் மீண்டும் கேட்டான். படைத்தலைவர்கள் இருந்தனர், நாவலர்களும் இருந்தனர், அனைவரும் வாளா இருந்தனர். டெமாஸ்தனிஸ் எழுந்தார். தீப்ஸுடன் உடனே நட்புக் கொள்ள வேண்டும், தூது அனுப்ப வேண்டும், நிபந்தனை எதுவும் கேட்கலாகாது என்றார். அவரையே தூதராக அனுப்பினர்.

தீப்ஸில் பிலிப்பின் தூதுவர்கள் முன்னரே வந்திருந்தனர். பிலிப் தமக்குச் செய்த நன்மைகளை மக்கள் அறிவர். போரின் துன்பத்தையும் அறிவர். அவர்களின் நலம் எப்பக்கம் என்பதில் ஐயமில்லை. அங்கே டெமாஸ்தனிஸ் ஆற்றிய உரை நமக்குக் கிடைக்கவில்லை. அதன் பயன் மட்டும் தெரியும். அவருடைய சொல் அம்மக்களின் மானவுணர்ச்சியை மூட்டி எரியச் செய்ததென்றும், அச்சம், கணக்கு, நன்றி ஆகிய அனைத்தையும் அவர்கள் எறிந்துவிட்டனர் என்றும் தியோபாம்பஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியதைப் புளூட்டார்க் எடுத்துக் கூறுகின்றார். தியோபாம்பஸ் அவருக்கு நண்பரல்லர். ஆகவே இப்பாராட்டுக்கு மதிப்பு மிகுதி. அது பாராட்டுத்தானா என்பது வேறு.

கி.மு. 338 ஆகஸ்டில் கெரோனியாவில் போர் நடந்தது. ஏதென்சு வீரர் 1,000 பேர் மாண்டனர். 2,000 பேர் சிறைப்பட்டனர். தீப்ஸின் இழப்பும் பெரிது. ஐம்பதை நெருங்கிய வயதில் டெமாஸ்தனிஸும் காலாட்படையில் நின்றார். கேடயத்தில் நல்லூழ் என்னும் பொருளுடைய சொல்லைப் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார் என்பர். அணி குலைந்தபோது மற்றவர்களுடன் அவரும் ஓடினார். இதனைப் பகைவர்கள் சாகும்வரை சொல்லிக்காட்டினர். வெற்றிக் களிப்பில் குடித்திருந்த பிலிப், டெமாஸ்தனிஸ் கொண்டுவந்த தீர்மானத்தின் தொடக்கச் சொற்களைத் தாளமிட்டுப் பாடி ஆடினானாம். மயக்கம் தெளிந்த பின்னர், ஒரு நாவலனின் சொல் தன் ஆட்சியையும் உயிரையும் ஒருநாளில் பணயம் வைக்கச் செய்துவிட்டதே என்று நடுங்கினானாம்.

இனி நடந்தது நாம் எதிர்பாராதது. போரில் இறந்தவர்க்கு இரங்கலுரை ஆற்ற ஒருவரை மக்கள் தேர்ந்தெடுப்பது அந்நகரின் மரபு. ஈஸ்கினிஸ் இருந்தார், அவர் குரல் வெண்கல மணி போன்றது. டெமாடிஸ் இருந்தார், அமைதியைப் பெற்றுத் தந்தவர் அவரே. மக்கள் டெமாஸ்தனிஸைத் தேர்ந்தனர். போர் வேண்டும் என்று சொல்லி அம்மைந்தரை அனுப்பியவரையே, அவர்களின் எலும்புகளின் முன் நின்று பேசுமாறு கேட்டனர். இறந்தோரின் தந்தையரும் உடன்பிறந்தாரும் ஈமவிருந்தையும் அவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டனர். நெருங்கிய உறவினர் வீட்டில் வைப்பதே வழக்கம். அவருடைய சொல்லால் ஏமாற்றப்பட்டோம் என்று அவர்கள் நினைத்திருந்தால் அவ்வாயிலை மிதித்திருப்பார்களா? அன்றி, ஏமாற்றப்பட்டோம் என்று நினைப்பதற்கு அவர்களின் துயரம் இடங்கொடுக்கவில்லையா? ஒரு தாயின் நிலையில் நின்று பார்த்தால் இரண்டாவதும் நடக்கக்கூடியதே. மகன் வீணாய் மாண்டான் என்பதைவிட மானத்துக்காக மாண்டான் என்பதே தாங்கத்தக்கது. அதனைச் சொல்லவல்லவர் அவர் ஒருவரே.

கி.மு. 336-இல் பிலிப் கொலையுண்டான். அச்செய்தி வந்தபோது டெமாஸ்தனிஸின் ஒரே மகள் இறந்து ஏழு நாளே ஆகியிருந்தது. துக்க உடையைக் களைந்து, வெள்ளாடையும் மலர்முடியும் தரித்து மன்றத்துக்கு வந்தார். பகைவரான ஈஸ்கினிஸ், பெற்ற மகளுக்கு அழாதவன் நாட்டுக்கு எங்ஙனம் உருகுவான் என்ற கருத்தில் இதனைப் பழித்தார். வீட்டுத் துயரைப் பெண்களிடம் விட்டு நாட்டுக் கடமையைச் செய்தார் என்று புளூட்டார்க் ஆதரிக்கின்றார். நமக்கு இவ்விடத்தில் புளூட்டார்க்குடன் ஒப்பவில்லை.

அடுத்த ஆண்டே, அலெக்சாந்தர் வடக்கே போரில் இறந்தான் என்னும் வதந்தி பரவிற்று. உடலில் காயத்துடன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி, அலெக்சாந்தர் வீழ்ந்ததைக் கண்ணால் கண்ட சாட்சியாக டெமாஸ்தனிஸ் காட்டினார் என்று பண்டை நூலாசிரியர் ஒருவர் எழுதுகின்றார். தீப்ஸ் கிளர்ந்தெழுந்தது. டெமாஸ்தனிஸ் ஆயுதம் அனுப்பினார். ஏதென்சு படை அனுப்பவில்லை. உயிருடன் வந்த அலெக்சாந்தர் தீப்ஸை அழித்தான். 6,000 பேர் கொல்லப்பட்டனர். 30,000 பேர் அடிமைகளாய் விற்கப்பட்டனர். பிறகு டெமாஸ்தனிஸ் உள்ளிட்ட நாவலர்களைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு ஏதென்சைக் கேட்டான். ஆடுகள் தம் காவல்நாய்களை ஓநாயிடம் ஒப்படைத்துவிட்டு அமைதி தேடிய கதையை மக்களுக்குச் சொன்னார் டெமாஸ்தனிஸ். அவர் உயிர் பிழைத்தது அக்கதையாலும் டெமாடிஸின் சமாதானப் பேச்சாலும். தீப்ஸின் 30,000 பேருக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்கவில்லை.

அவர் புகழின் உச்சி கி.மு. 330-இல் நடந்த வழக்கு. அவருடைய தொண்டுக்காகப் பொன்முடி சூட்ட வேண்டும் என்று டெசிபன் என்பவர் முன்மொழிந்திருந்தார். அது சட்டத்துக்குப் புறம்பானது என்று ஈஸ்கினிஸ் வழக்குத் தொடுத்தார். பொறுப்பிலிருந்த ஒருவர் கணக்கு ஒப்படைக்கு முன்னர் முடி சூட்டலாகாது என்பது சட்டம். சட்டம் பெரும்பாலும் ஈஸ்கினிஸின் பக்கமே. டெமாஸ்தனிஸ் அதனை அறிவார். ஆகவே சட்டத்தைப் பற்றிய விடையை உரையின் நடுவில் சுருக்கமாகச் சொல்லிக் கடந்தார். முன்னும் பின்னும் வேறொரு வினாவை நிரப்பினார். எலாட்டியாச் செய்தி வந்த அந்த மாலையையும், ஒருவரும் எழாத அந்த விடியலையும் மீண்டும் அவர்கள் கண்முன் நிறுத்தினார். தோற்றதால் செய்தது தவறாகிவிடுமா என்று கேட்டார். மாரத்தானில் நின்ற முன்னோரைச் சாட்சியாக அழைத்து ஆணையிட்டார். தோற்றோர் என்று எட்டாண்டுகளாய்த் தலைகுனிந்திருந்த மக்கள், தம் முன்னோர்க்கு ஒப்பானவராய்த் தம்மைக் கண்டனர். தம்மைத் தாமே குற்றவாளி என்று யார் வில்லையிடுவார்? ஈஸ்கினிஸுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்கும் கிட்டவில்லை. அபராதம் விதிக்கப்பட்டு ஊரைவிட்டே சென்றார்.

உலகின் மிகச் சிறந்த சொற்பொழிவு என்று பலரும் போற்றும் இவ்வுரையில் நமக்கு மனவருத்தம் தரும் பகுதி ஒன்றுண்டு. ஈஸ்கினிஸின் தந்தை ஒரு பள்ளி ஆசிரியர். சிறுவன் ஈஸ்கினிஸ் அப்பள்ளியில் மை அரைத்தான், பலகைகளைத் துடைத்தான், அறையைப் பெருக்கினான் என்று டெமாஸ்தனிஸ் எள்ளி நகையாடுகின்றார். அவையும் சிரித்திருக்கும். பள்ளியறையைப் பெருக்கியது ஒருவனுக்கு இழிவென்று சொல்லி வென்ற வெற்றியில் எவ்வளவு பொன் இருந்தாலும், நம்மால் அதனை வெறும் பொன்னாகவே பார்க்க முடிகின்றது. நாற்பது பிள்ளைகளின் சிலேட்டைத் துடைத்த கை இதனை எழுதுகின்றது. ஈஸ்கினிஸின் பெருந்தன்மையைப் பாருங்கள். ரோடுத் தீவில் மாணவர்க்கு நாவன்மை கற்பித்தபோது, தம் உரையைப் படித்துக் காட்டியபின் டெமாஸ்தனிஸின் உரையையும் படித்துக் காட்டினார். மாணவர் வியந்தனர். அதனை அவர் வாயாலேயே கேட்டிருந்தால் என்ன சொல்வீர்களோ என்றாராம். மெய்யான ஆசிரியர் மகன்.

பின்னர் வீழ்ச்சி. கி.மு. 324-இல் அலெக்சாந்தரின் கருவூலக் காவலன் ஹார்ப்பலஸ் பெரும்பொருளுடன் ஏதென்சுக்கு ஓடிவந்தான். 700 தாலந்து என்று சொல்லிக் கோட்டையில் வைக்கப்பட்ட பணத்தில் பாதியே பின்னர் இருந்தது. டெமாஸ்தனிஸ் 20 தாலந்து பெற்றார் என்று விசாரணை மன்றம் அறிவித்தது. ஹார்ப்பலஸைப் பற்றிய விவாதத்தன்று அவர் கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு, தொண்டை கட்டிவிட்டதாகச் சைகை காட்டினார் என்றும், கட்டியது சளியன்று, வெள்ளி என்று ஊரார் நகைத்தனர் என்றும் ஒரு கதை உண்டு. குற்றம் மெய்யா என்பதில் அக்காலத்திலேயே இருவேறு கருத்து இருந்தது. முன்னாள் தோழர் ஹைப்பரிடிஸே குற்றஞ்சாட்டி நின்றார். 50 தாலந்து அபராதம். கட்ட இயலாமல் சிறை. சிறையிலிருந்து தப்பி அயலூர்.

கி.மு. 323-இல் அலெக்சாந்தர் இறந்தான். கிரேக்கர் மீண்டும் எழுந்தனர். ஏதென்சு கப்பல் அனுப்பி டெமாஸ்தனிஸை வரவேற்று அழைத்தது. மறு ஆண்டே கிரானன் போரில் யாவும் முடிந்தது. டெமாடிஸின் தீர்மானத்தால் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. கலௌரியாத் தீவில் பொசைடன் கோயிலில் அடைக்கலம் புகுந்தார். தேடி வந்தவன் ஆர்க்கியாஸ். முன்னாளில் நாடக நடிகன். தீங்கு நேராது என்று அவன் இனிமையாகப் பேசினான். மேடையில் அவன் நடிப்பு என்றும் தம்மை நம்பவைத்ததில்லை, இப்போது அவன் வாக்குறுதியும் நம்பவைக்கவில்லை என்று டெமாஸ்தனிஸ் விடையிறுத்தார். பின்னர் வீட்டுக்கு ஒரு மடல் எழுதுவதாகச் சொல்லி உள்ளே சென்று, எழுதுகோலின் நுனியை வாயில் வைத்துக் கடித்தார். எழுதும்போது அவ்வாறு கடிப்பது அவர் பழக்கம். அதில் நஞ்சு இருந்தது. கோயில் தீட்டுப்படலாகாது என்று தள்ளாடி எழுந்து, பலிபீடத்தைக் கடந்ததும் வீழ்ந்தார். கி.மு. 322, வயது அறுபத்திரண்டு.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் சென்று, அவர் சகோதரியின் மகன் டெமோகாரிஸின் வேண்டுகோளால் ஏதென்சு மக்கள் கடைவீதியில் அவருக்கு வெண்கலச் சிலை எழுப்பினர். பாலியூக்டஸ் என்னும் சிற்பி செய்தது. அச்சிலை இன்று இல்லை. அதனைப் பார்த்துச் செய்த பளிங்குப் படிகள் உள்ளன. மேடையில் கையை வீசிப் பேசும் தோற்றம் அன்று அது. இரு கைகளின் விரல்களையும் கோத்து, தலை சற்றுத் தாழ்ந்து நிற்கின்றார். ஒரு போர்வீரன், மேலதிகாரி அழைத்தமையால் அவசரமாகச் செல்ல நேர்ந்து, தன்னிடமிருந்த சிறிது பொற்காசை அக்கோத்த விரல்களுக்குள் வைத்துவிட்டுப் போனானாம். அருகே நின்ற மரத்தின் இலைகள் உதிர்ந்து அதனை மூடிக்கொண்டன. நெடுநாள் கழித்துத் திரும்பி வந்தான். காசு குறையாமல் அங்கேயே இருந்தது. ஊர்ப் புலவர்கள் அதனை வைத்து அவருடைய கைத்தூய்மையைப் பாடப் போட்டியிட்டனர் என்கிறார் புளூட்டார்க்.